மங்கிய காருக்கு வீட்டிலேயே பாலிஷும் வேக்ஸும்

உங்கள் கேள்வி இது: தாம்பரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. எட்டு வருஷம் ஆன சிவப்பு கார், ஷெட் கிடையாது, வெயிலிலும் மரத்தடியிலும்தான் நிற்கிறது. பானட்டும் கூரையும் மங்கிவிட்டன. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். பம்பரிலும் சக்கரத்துக்கு மேலேயும் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்துவிட்டது. கடையில் மெஷின் பாலிஷ் போடலாம் என்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் போதும். ஆனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் பாலிஷ், வேக்ஸ், கம்பவுண்ட் எல்லாவற்றையும் ஒரே பொருள் போலப் பேசுவார்கள். அவை ஒன்றல்ல. பாலிஷ் என்பது எடுப்பது. வேக்ஸ் என்பது போடுவது. பாலிஷுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அரம் இருக்கிறது. அது பெயின்ட்டின் மேல்பரப்பைச் சீவி, கீறலின் உதடுகளை மழுக்குகிறது. கம்பவுண்ட் அதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்யும். வேக்ஸில் அரமே கிடையாது, அது மேலே படிந்து காக்கும் ஒரு படலம். எடுக்கும் வேலையை எப்போதாவதுதான் செய்ய வேண்டும், போடும் வேலையை அடிக்கடி செய்யலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எடுக்க நம்மிடம் இருப்பது மிகக் கொஞ்சம். தகட்டின் மேல் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது முடியைவிட மெல்லிய ஒரு படலத்தைத்தான் காரின் ஆயுள் முழுக்கப் பங்கு போட்டுச் செலவு செய்கிறோம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சத்தும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் பாலிஷ் போட்டுத் தேய்த்த கார் ஐந்தாறு வருஷத்தில் கூரை உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செலவுக் கணக்கு தெரியாமல் போனதுதான் காரணம்.

முதலில் உங்கள் காரில் கிளியர் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களிலும், மெட்டாலிக் அல்லாத சில வெள்ளை, சிவப்பு நிறங்களிலும் நிறத்தையே மேல் பூச்சாக விட்டிருப்பார்கள். கதவின் அடிப்பகுதியில் கண்ணில் படாத ஓர் இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் சிவப்பு ஏறினால் கிளியர் கோட் இல்லை, நிறமேதான் மேலே இருக்கிறது. பயப்பட வேண்டாம், வெளுத்து மடிந்த மேல்தோல்தான் அது. இந்த வகைப் பெயின்ட் கையால் போடும் பாலிஷுக்கே நன்றாக உயிர் பெற்றுவிடும். துணியில் அழுக்கு மட்டும் ஏறினால் கிளியர் கோட் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது நகம். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அந்தக் கீறல் பாலிஷுக்குப் போகாது. அதை எடுக்கிறேன் என்று தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்தான் தேயும். அதை டச்-அப் பெயின்ட்டால் அடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அதேபோல் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, ஓரத்தில் வெங்காயச் சருகு போல உரிய ஆரம்பித்திருந்தால் அங்கே கிளியர் கோட் செத்துப்போய்விட்டது. எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது, பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. கடைக்காரர் "பாலிஷ்லயே சரியாயிடும் சார்" என்றால் நம்பாதீர்கள். சமீபத்தில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பாகம் ஏதாவது இருந்தால் அதில் இரண்டு மூன்று மாதத்துக்கு வேக்ஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க ஆவியாகி வெளியேற வேண்டும்.

சரி, அந்தச் சிலந்தி வலை எங்கிருந்து வந்தது? கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போட்டதுதான். காலையில் ஒரு பக்கெட், ஒரு துணி, பத்துக் கார். முதல் காரின் மணல் பத்தாவது காரின் பானட்டில் தேய்கிறது. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியால் வறண்ட தூசியைத் தட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. பனியன் வேஸ்ட் இன்னும் மோசம். திருப்பூர்க் கழிவுத் துணி எண்ணெய்க் கையைத் துடைக்க அருமையானது, ஆனால் அதில் தையல் விளிம்பும் எலாஸ்டிக் துண்டும் கலந்திருக்கும். அதை பெயின்ட்டில் படவே விடாதீர்கள். கழுவும் முறையை மாற்றாமல் பாலிஷ் மட்டும் போட்டால் மூன்றே வாரத்தில் வலை திரும்பி வந்துவிடும், நீங்கள் சீவி எடுத்த மைக்ரான் மட்டும் திரும்பி வராது.

எனவே சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கழுவுவதில் தொடங்குங்கள். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இந்த வேலை முழுக்க அதுதான் விதி. முதலில் எதையும் தொடாமல் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியைக் கரைத்து ஓடவிடுங்கள். இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பாகம் கழுவியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் விட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பாகம் கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் திரவத்தை இந்த ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம், பழைய வேக்ஸையும் எண்ணெயையும் அது பெரும்பாலும் கழற்றிவிடும். அடுத்த வாரத்திலிருந்து கார் ஷாம்புதான்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாம்பரம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். அது தானாகக் காய்ந்தால் சுண்ணாம்பும் மெக்னீசியமும் வட்ட வட்டமாகப் படியும். வெயிலில் காய்ந்தால் அந்த வட்டம் கிளியர் கோட்டுக்குள்ளேயே பதிந்துவிடும். ஆகவே கழுவிய பாகத்தைக் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்துக் காரைக் கழுவும் வீடுகள் நிறைய உண்டு. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது, ஆனால் வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைச் சக்கரத்துக்கும் வாசலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்மாறானது ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதால் அதில் உப்பு மிகக் குறைவு. துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் கறை விழாது. ஏற்கெனவே விழுந்த வட்டங்களுக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிஷம் போட்டுவிட்டு எடுத்துக் கழுவுங்கள். அதற்கும் போகாதது பாலிஷில்தான் போகும், பதிந்த ஆழத்தைப் பொறுத்து.

கழுவித் துடைத்த பிறகு ஒரு சின்னச் சோதனை. காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் கவருக்குள் கையை விட்டு, விரல் நுனியால் பானட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கவர் நழுவுவதால் தோலின் பிடிப்பு இல்லாமல் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் விரலுக்குத் தெரிகின்றன. அவை பெயின்ட்டில் குத்தி உட்கார்ந்திருக்கும் துகள்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் காரில் பெரும்பாலும் இரும்புத்தூள். ரயிலின் சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்கும் தூள் பெயின்ட்டில் ஒட்டி, மழையில் துருப்பிடித்து, வெள்ளைக் காரில் செம்புள்ளியாகத் தெரியும். உங்கள் சிவப்பில் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். இதற்கென்றே இரும்பைக் கரைக்கும் திரவம் விற்கிறது. தெளித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் வழியும். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். நாற்றம் கடுமையானது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவின் அடியில் தார்ப் புள்ளிகள் இருந்தால் துணி முனையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ரப்பரில் படக்கூடாது.

மிச்சத்தைக் களிமண் எடுக்கும். கார் கிளே என்று கேட்டால் கொடுப்பார்கள். பெயர்தான் மண், சப்பாத்தி மாவு போல இருக்கும் ஒரு செயற்கைப் பொருள். கையால் பிசைந்து வடை அளவுக்குத் தட்டி, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டு, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும், பத்துப் பதினைந்து இழுப்பில் சத்தம் நின்று வழுக்க ஆரம்பிக்கும். அந்த இடம் முடிந்தது. அழுக்கான முகத்தை உள்ளே மடித்து புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் ஒரு தடவை விழுந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல விலைதான், ஆனால் அதில் ஒட்டிய ஒரு மணல் பானட் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

இப்போது மாஸ்கிங் டேப். கறுப்பு பிளாஸ்டிக், பீடிங் ரப்பர், விளக்கு, நம்பர் பிளேட்டின் ஓரம் எல்லாவற்றையும் ஒட்டி மறையுங்கள். பாலிஷும் வேக்ஸும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஏறினால் வெள்ளையாகக் காய்ந்து குழிகளில் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே அப்படி ஏறியிருந்தால் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் அழியுங்கள், அழகாக உருண்டு வந்துவிடும். பானட்டின் மடிப்பு விளிம்புகளிலும் கதவு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். வளைவிலும் விளிம்பிலும்தான் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கேதான் கை அதிகமாக அழுத்தும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் காரை ஒரு கடையில் மெஷின் பாலிஷுக்கு விட்டேன். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி போல ஜொலித்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பின் கதவின் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் கோடு. கிளியர் கோட், நிறம் இரண்டும் தேய்ந்து பிரைமர் எட்டிப்பார்த்தது. கதவு முழுவதும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவை கழுவியதும் பானட் முழுக்க மயிலிறகு விரித்தாற்போல மெஷின் சுழன்ற தடங்களும் வெளியே வந்தன. பாலிஷில் இருந்த எண்ணெய் அவற்றை அதுவரை மூடி வைத்திருந்தது.

குற்றம் மெஷினில் இல்லை, மெஷினின் வகையில். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி ஒரே இடத்தைச் சூடாக்கும், பழகாத கையில் அது ஆபத்து. டூயல் ஆக்‌ஷன் என்ற வகை சுழலும்போதே அலைந்தும் ஆடும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் சுழல்வது நின்றுவிடும், தகட்டை எரிக்காது. வாங்குவதாக இருந்தாலும், வாடகைக்கு எடுப்பதாக இருந்தாலும், இந்த வகையையே கேளுங்கள். ஆனால் ஒரே ஒரு காருக்குக் கை போதும் என்பது என் அபிப்பிராயம். மங்கலும் வெயிலில் வெளுத்த மேல்தோலும் கையால் நன்றாகப் போகும், சிலந்தி வலையில் பாதிக்கு மேல் குறையும். முழுக்கப் போகாது. எட்டு வருஷக் காருக்கு அந்த மீதியை எடுக்காமல் விடுவதே நல்லது என்பேன், மைக்ரான் கையில் இருக்கட்டும்.

வாங்கும்போது நடுத்தர அல்லது நுண்ணிய பாலிஷ் என்று கேட்டு வாங்குங்கள். த்ரீஎம், மெகுயர்ஸ், டர்ட்டில் வேக்ஸ் என்று எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, லேபிளில் ரப்பிங் கம்பவுண்ட் என்று இருப்பதை முதலில் தொடாதீர்கள். மென்மையானதில் தொடங்கி, போதவில்லை என்றால்தான் ஒரு படி முரடானதற்குப் போக வேண்டும். பானட்டின் ஒரு மூலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் ஒட்டி, அந்தச் சதுரத்தில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். கார் முழுவதும் எப்படி வரும் என்பதை அந்தச் சதுரமே சொல்லிவிடும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஈரமான வட்ட ஸ்பாஞ்சில் மூன்று சொட்டு, மிளகு அளவுக்கு. முதலில் சதுரம் முழுக்கத் தொட்டுப் பரப்பிவிட்டு, விரல்களைச் சேர்த்து வைத்து, பானட்டின் நீளவாக்கில் நேர்கோடாக இழுங்கள். பிறகு குறுக்குவாக்கில். வட்டம் போட வேண்டாம். வட்டமாகத் தேய்த்த தடம் எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் தெரியும், நேர்கோடு அப்படித் தெரியாது. ஒரு சதுரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். முதலில் பால் போல வெண்மையாக இருக்கும் படலம் மெல்ல மெல்ல எண்ணெய் தடவினாற்போலத் தெளியும். அப்போது நுண்ணரம் உடைந்து வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். காய்வதற்குள் மைக்ரோஃபைபரால் துடைத்துவிடுங்கள். டேப்பை உரித்தால் மங்கல் இருந்த பக்கத்துக்கும் தேய்த்த பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். உள்ளே பழுத்த மிளகாய், வெளியே வெயிலில் கிடந்த மிளகாய். அதைப் பார்த்த பிறகு மீதிக் காரைத் தேய்க்க உங்களை யாரும் தூண்ட வேண்டியதில்லை.

கூரையையும் பானட்டையும் சனிக்கிழமை முடித்துவிடுங்கள், கதவுகள் ஞாயிறு காலைக்கு இருக்கட்டும். கதவுகள் அவ்வளவு வெயில் பட்டிருக்காது, ஒரு சுற்றே போதும். தகடு சூடேறினால் நிறுத்திவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடையுங்கள். பாலிஷ் விட்டுச்சென்ற எண்ணெய் போய், கீறல் உண்மையிலேயே போனதா, மறைந்துதான் இருந்ததா என்பது தெரியும். வேக்ஸும் அப்போதுதான் பெயின்ட்டை நேரடியாகப் பற்றும்.

வேக்ஸுக்கு வருவோம். கார்னூபா என்ற பெயரைப் பல டப்பாக்களில் பார்ப்பீர்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் பெயர் அது. நம் பனை போலவே விசிறி ஓலை. அந்த வறண்ட நிலத்தின் வெயிலில் ஈரம் போகாமலிருக்க ஓலையின் மேல் மரம் ஒரு மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையைக் காயவைத்து உதிர்த்தெடுக்கும் அந்தத் தூள்தான் கார்னூபா. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், கார்னூபாவுக்கு 82 முதல் 86 டிகிரி வேண்டும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே போடும் பளபளப்புப் பூச்சிலும் இதுதான் இருக்கிறது. தனியாகக் கல் போலக் கடினம் என்பதால் எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் டப்பாவில் வரும். சிவப்பு, கறுப்பு போன்ற ஆழமான நிறங்களில் அது தரும் கனிவான மினுமினுப்பு வேறு எதிலும் வராது என்று நினைப்பவன் நான். ஆனால் வெயிலில் நிற்கும் காரில் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வேக்ஸ் போலவே மேலே பூசும் செயற்கை சீலன்ட் நான்கைந்து மாதம் நிற்கும், மினுமினுப்பில் கொஞ்சம் கண்ணாடித்தனம் இருக்கும். உங்களுக்கு ஷெட் இல்லை, அதனால் சீலன்ட் போடுங்கள். விசேஷ நாளுக்கு முன் அதன் மேல் கார்னூபா ஒரு பூச்சு போதும்.

செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் பூசினால் கெட்டியாக இறுகும் திரவப் பூச்சு, பற்றியும் கேட்பீர்கள். 9ஹெச் கடினம் என்று விளம்பரத்தில் வருவது பென்சில் முனையால் கீறிப்பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்தை அளக்கும் அளவுகோல் அல்ல. அழுக்கும் ரசாயனமும் ஒட்டாமல் காப்பதில் அது உண்மையிலேயே நல்லது. மணல் துணியால் தேய்த்தால் அதிலும் கீறல் விழும்.

வேக்ஸ் போடுவதில் எல்லோரும் செய்யும் தப்பு, அதிகம் போடுவது. தோசைக்கல்லுக்கு வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பது போலத்தான் இருக்க வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு. தடிமனாகப் போட்டால் கூடுதல் காப்பு கிடைக்காது, துடைத்தெடுக்கத்தான் கை வலிக்கும். சில நிமிஷத்தில் லேசாகப் பனி படர்ந்தாற்போல ஆகும். விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுகினால் இன்னும் பொறுங்கள். துடைக்க இரண்டு துணி, முதல் துணி எடுப்பதற்கு, இரண்டாவது மெருகேற்ற. சில மணி நேரம் விட்டு இரண்டாவது பூச்சு போட்டால் முதல் தடவை விட்டுப்போன இடமெல்லாம் மூடிவிடும்.

துணியைக் காப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். லேபிளை வெட்டி எறியுங்கள். வீட்டுத் துணியோடு துவைத்தால் பருத்தி நூல் ஒட்டிக்கொள்ளும், வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் இழையை அடைத்துவிடும். தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

டேப்பைப் பிரித்ததும் கறுப்பு பிளாஸ்டிக். சாம்பல் பூத்தது அழுக்கால் அல்ல. பம்பர் ஓரங்கள் பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக், கறுப்பு அதன் உடம்பிலேயே கலந்திருப்பது, மேலே பெயின்ட் கிடையாது. வெயில் மேல்தோலைச் சிதைத்துச் சுண்ணாம்பு போலப் பொடிய வைக்கிறது. நம் ஊரில் இதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள், சிலர் டீசல். தடவிய நாள் நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும், ஒரு மழையில் போய்விடும். டீசலும் மண்ணெண்ணெயும் பக்கத்தில் இருக்கும் ரப்பரையும் ஊதவைத்துவிடும். ஹீட் கன்னால் சுட்டு மேல்தோலைக் கறுக்க வைக்கும் வித்தையையும் வீடியோவில் பார்த்திருக்கலாம். கொஞ்ச நாள்தான் நிற்கும், கை தவறினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வேண்டாம்.

ஆல் பர்ப்பஸ் கிளீனரைத் தெளித்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் குழிகளுக்குள் தேயுங்கள். நுரை பழுப்பாக வரும். அது வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு முழுக்க உலரவிடுங்கள். இந்தச் சுத்தத்தில் அவசரப்பட்டால் மேலே போடுவது எதுவும் நிற்காது. பிறகு டிரிம் ரெஸ்டோரர் என்று விற்கும், பிளாஸ்டிக்கைப் பற்றிக் காயும் வகையைச் சின்ன ஸ்பாஞ்சில் மெல்லியதாகப் போட்டு, சில நிமிஷத்தில் அதிகப்படியை ஒற்றி எடுங்கள். ஒரு நாள் மழையும் தண்ணீரும் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். எண்ணெய்ப் பசையாகவே இருக்கும் சிலிக்கோன் டிரெஸ்ஸிங்கை இதற்கு வாங்காதீர்கள், வழிந்து பெயின்ட்டில் கோடு போடும். கதவின் பீடிங் ரப்பரை ஈரத் துணியால் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். அதற்கு வாஸலின் தடவாதீர்கள். கிரில்லில் குரோம் போல மின்னுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய மெல்லிய முலாம். வெள்ளிக்குப் போடும் பாலிஷை அதில் தேய்த்தால் முலாம் போய்விடும். ஷாம்பு போட்டுத் துடைத்து வேக்ஸ் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குச் சென்னையில் நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், காலை குளிர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் கத்திரிக்கு முன் ஒரு பூச்சு, அக்டோபரில் மழைக்கு முன் ஒரு பூச்சு என்று சீலன்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் காரைக் கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. பரவிப் படர்ந்து நின்றால் போய்விட்டது. பாலிஷை மட்டும் மூன்று வருஷத்துக்கு நினைக்காதீர்கள்.

மரத்தடி என்றீர்கள், அப்படியானால் காக்கை எச்சம் தினமும் இருக்கும். வெயிலில் பெயின்ட் சூடாகி விரிகிறது, காய்ந்து இறுகிய எச்சத்தைச் சுற்றி இரவில் சுருங்குகிறது. அந்த அச்சு அப்படியே பதிந்துவிடும், போதாததற்கு அதிலுள்ள அமிலமும் அரிக்கும். அன்றைக்கே எடுங்கள். ஆனால் சுரண்டாதீர்கள், அதில் விதையும் மண்ணும் இருக்கும். ஒரு டிஷ்யூவை நனைத்து மேலே ஐந்து நிமிஷம் போட்டு வைத்தால் ஊறித் தளர்ந்து தானாக ஒட்டி வந்துவிடும். வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் வைத்திருங்கள்.

கடைசியாக ஆயுத பூஜை. அதற்கு முந்தின வாரம் எப்படியும் வேக்ஸ் போட்டுவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் பானட்டில் வைத்து நாலு நாள் வெயிலில் விட்டால் வெளிர் நிறக் கார்களில் சாயம் இறங்கிவிடும், சந்தனம் காய்ந்து இறுகியபின் துடைத்தால் அது அரமாகத் தேய்க்கும். வேக்ஸ் இருந்தால் மறுநாள் தண்ணீர் ஊற்றியதுமே வழிந்து போகும். பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாழைக்கன்று கட்டும்போது வெட்டிய முனையைப் பாலித்தீன் கவரில் சுற்றிக் கட்டுங்கள், வேட்டியில் பட்டாலே போகாத கறை அது. கட்டும் கயிறு பம்பரில் உரசும் இடத்தில் ஒரு துண்டு மைக்ரோஃபைபரை மடித்து வையுங்கள்.